மரத்தரை: பூச்சைக் காத்தால் மரம் நிலைக்கும்

சிமென்ட், மொசைக், டைல்ஸ் தரைகளுக்குப் பழகிய வீட்டில் தரையைச் சுத்தம் செய்வது என்றால் ஒரு வாளித் தண்ணீர், ஒரு மூடி பினாயில், ஒரு துணி. நாள் கிழமை வந்தால் முழுத் தரையையும் கழுவி, தண்ணீரை வாசல் பக்கம் தள்ளிவிடுவோம். அந்தத் தரைகளுக்கு அது சரியான முறைதான். படுக்கையறைக்கு மட்டும் மரத்தரை போட்டுவிட்டு, அதே வாளியோடு அதற்குள்ளும் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு மழைக்காலம் போவதற்குள் பலகை ஓரங்கள் எழும்பிவிடும், பளபளப்பு போய்விடும். மரம் சரியில்லை என்று விற்றவரைத் திட்டுவோம்.

பெரும்பாலான வீடுகளில் மரம் சரியாகத்தான் இருக்கிறது. நம் கால் நேராக மரத்தில் படுவதில்லை; அதன் மேலிருக்கும் மெல்லிய பூச்சில்தான் படுகிறது. மணலும் தவறான திரவங்களும் அந்தப் பூச்சைத் தின்றுவிடாமல் பார்ப்பது பாதி வேலை. அறையின் ஈரம் சட்டென்று ஏறி இறங்காமல் பார்ப்பது மீதிப் பாதி. இந்த அத்தியாயத்தின் குறிப்புகள் எல்லாம் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் போய்ச் சேரும்.

1. உங்கள் வீட்டுத் தரை எந்த வகை?

மரத்தரை என்று விற்கப்படுபவை மூன்று வகை. மூன்றுக்கும் பராமரிப்பு வேறு.

முழு மரப் பலகை: பொதுவாக 18 முதல் 20 மி.மீ. கனம். ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் நுழைந்து பிடித்துக்கொள்ளும். ஊட்டி, குன்னூர் பக்கத்துப் பழைய பங்களாக்களில் இருப்பது இந்த வகை. தேய்ந்தால் சாண்டிங் செய்து பலமுறை புதுப்பிக்கலாம்.

எஞ்சினியர்டு வுட்: கீழே பிளைவுட் அடுக்குகள், மேலே அசல் மரத்தின் தகடு. அந்தத் தகட்டின் கனத்தைப் பொறுத்ததுதான் தரையின் ஆயுள். 1 மி.மீ.க்கும் குறைவான தகடும் உண்டு, 6 மி.மீ. தகடும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே வாங்கும்போது கொடுத்த விவரத்தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

லேமினேட்: அழுத்திச் செய்த மரநார்ப் பலகை, அதன் மேல் மரரேகை அச்சிட்ட காகிதம், அதற்கும் மேலே அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் படலம். கீறலை நன்றாகத் தாங்கும். இணைப்பு வழியே தண்ணீர் இறங்கினால் ஓரம் ஊதும். ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது. இதைச் சாண்டிங் செய்யவும் முடியாது, பாலிஷ் போடவும் முடியாது.

எந்த வகை என்று தெரியாவிட்டால், அறை வாசலில் மரத்தரையும் டைல்ஸும் சேரும் இடத்தில் உள்ள உலோகப் பட்டியைக் கழற்றி, பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே மரமா, அடுக்குகளா, பொடித்து அழுத்திய பழுப்புப் பலகையா என்பது தெரிந்துவிடும். ஒரே கணுவும் ஒரே ரேகையும் இரண்டு மூன்று பலகைகளில் அச்சாகத் திரும்ப வந்தால் அது லேமினேட்.

2. மேலே என்ன பூச்சு?

பழைய வீட்டை வாங்கியவர்களுக்கும் வாடகைக்கு வந்தவர்களுக்கும் இது தெரிந்திருக்காது. கதவுக்குப் பின்னாலோ பீரோவுக்கு அடியிலோ கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். லேமினேட்டுக்கு இந்தச் சோதனை தேவையில்லை.

இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். தண்ணீர் முத்தாக நின்று, தடம் எதுவும் விடாமல் போனால் பூச்சு நல்ல நிலையில் இருக்கிறது. அந்த இடம் கருத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது, மரம் தண்ணீரைக் குடிக்கிறது. வெளுத்த புள்ளி விழுந்தால் அது மெழுகாக இருக்கலாம். டர்பன்டைன் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது துணியில் மஞ்சளோ பழுப்போ ஒட்டினால் மெழுகுதான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு புள்ளியில் வைக்கும்போது பிசுபிசுத்தால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். இவை எதற்கும் அசையாமல் படலமாக நின்றால் பெரும்பாலும் பி.யு. எனப்படும் பாலியூரித்தேன்.

இன்றைய வீடுகளில் அதிகம் இருப்பது பி.யு. இதற்கு லேசான ஈரத்துணி போதும். எண்ணெய்ப் பூச்சுத் தரை தோசைக்கல்லைப் போன்றது: சோப்புப் போட்டுத் தேய்த்தால் பதம் போய்விடும், அவ்வப்போது அதற்குரிய எண்ணெயைக் காட்டினால் நிறைய நாள் வரும். மெழுகுத் தரையில் தண்ணீரே கூடாது. உலர்ந்த துணியும், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பசை மெழுகும் போதும். பிரெஞ்சு பாலிஷ் தண்ணீரில் வெளுக்கும், ஸ்பிரிட்டில் கரையும். நடமாட்டம் குறைந்த அறைக்கு மட்டுமே அது தாங்கும்.

3. மரம் ஏன் அசைகிறது?

வெட்டி, காய வைத்து, பலகையாக்கித் தரையில் பதித்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக நிலைத்தால் மரத்துக்குள் சுமார் 9 சதவீத ஈரம் இருக்கும். காற்றில் 80 சதவீதமானால் மரத்தில் சுமார் 16 சதவீதம். இந்த ஏற்றம் முழுவதையும் உள்வாங்கினால் 100 மி.மீ. அகலத் தேக்குப் பலகை ஒன்று சுமார் 1.3 மி.மீ. வரை விரியும். அதே அகலமுள்ள சிவப்பு ஓக் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கடலோர ஊர்களுக்குத் தேக்கு ஒத்துப்போவதற்கு இது ஒரு காரணம். நீளவாக்கில் மரம் அசைவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் எல்லாம்.

நல்ல பூச்சு இந்த அசைவின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்திவிடாது. அதனால்தான் சுவரோரம் பொதுவாக 8 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைக்கிறார்கள். கரப்பான் வருகிறது, எறும்பு வருகிறது என்று அந்த இடைவெளியில் வெள்ளைச் சிமென்டை நிரப்பாதீர்கள். மழைக்காலத்தில் விரியும் பலகைக்குப் போக இடமில்லாமல் நடுத்தரை கூடாரமாக எழும்பிவிடும்.

சென்னை போன்ற ஊரில் இன்னொரு தொல்லை ஏசி. இரவெல்லாம் ஏசி ஓடி அறை உலர்கிறது. காலையில் அணைத்து ஜன்னலைத் திறந்ததும் கடல்காற்றின் ஈரம் உள்ளே வருகிறது. நாள்தோறும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் அறையில் இணைப்புகள் சீக்கிரம் தளரும். சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். எண் 45க்கும் 65க்கும் இடையில் நின்றால் நிம்மதியாக இருக்கலாம். அடைமழை நாட்களில் ஜன்னலை மூடி, ஏசியை டிரை நிலையில் சில மணி நேரம் ஓட விடுங்கள். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைப்பவர்கள், வாரம் ஒருமுறை யாராவது வந்து திறந்து காற்றாட விட ஏற்பாடு செய்யுங்கள்.

மலைப்பகுதிப் பழைய வீடுகளில் மரத்தரைக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். அடித்தளச் சுவரில் காற்றுத் துளைகள் இருக்கும். குளிர் வருகிறது, எலி நுழைகிறது என்று அவற்றை அடைத்துவிட்டால் மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தரமே உளுத்துப் போகும். அடைப்பதற்குப் பதிலாகக் கம்பி வலை பொருத்துங்கள்.

4. அன்றாடம்: மணலை உள்ளே விடாதீர்கள்

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. எந்தப் பி.யு. பூச்சும் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. காலடியில் சிக்கிய ஒரு மணல்துகள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு போடும். நடைபாதையில் மட்டும் தரை மங்கிப் போவதற்குக் காரணம் இதுதான்.

செருப்பை வாசலில் கழற்றும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. மரத்தரைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. வெளிவாசலில் தேங்காய் நார் மிதியடி, அறை வாசலில் பருத்தி மிதியடி என இரண்டு போடுங்கள். நார் மிதியடியை மரத்தின் மேல் போட வேண்டாம், அதுவே கீறும். ரப்பர், பிவிசி அடிப்பாகம் உள்ள மிதியடிகளும் வேண்டாம். அவை ஈரத்தை அடைத்து வைப்பதோடு, பூச்சில் நிரந்தர மஞ்சள் கறையையும் விடும்.

தினமும் மைக்ரோஃபைபர் உலர் மாப்பால் ஒருமுறை தள்ளினால் போதும். பூந்துடைப்பமும் பரவாயில்லை; புதிதாக வாங்கியதை வெளியே நன்றாகத் தட்டி, தூள் உதிர்ந்த பிறகு கொண்டு வாருங்கள். ஈர்க்குமாறு முற்றத்துக்கே இருக்கட்டும். வேக்குவம் கிளீனர் இருந்தால் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, தரைக்கான மென்மையான முனையை மாட்டுங்கள்.

நாற்காலி, கட்டில், மேஜைக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் வட்டங்களை ஒட்டுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அவற்றைத் திருப்பிப் பாருங்கள். மணல் பதிந்த ஃபெல்ட்டைவிட வெறும் காலே மேல். பிளாஸ்டிக் நாற்காலிகளின் குழிந்த கால்களில் மண் சேரும், அவற்றை இந்த அறைக்குள் கொண்டு வராதீர்கள். பீரோவை நகர்த்த வேண்டி வந்தால் காலிசெய்து, அடியில் பழைய ஜமுக்காளத்தைக் கொடுத்து, இருவராகத் தூக்கி நகர்த்துங்கள். உருட்டு நாற்காலிக்கு மென்ரப்பர் சக்கரம் மாற்றிக்கொள்ளலாம்.

5. வாரம் ஒருமுறை: ஒத்தித் துடைப்பது

பி.யு. தரைக்கும் லேமினேட்டுக்கும் வாரம் ஒரு ஈரத்துணி போதும். முதலில் தூசியை எடுங்கள். தூசியோடு துடைத்தால் அதுவே தேய்க்கும். பிறகு துணியைச் சொட்டு விழாத அளவு முறுக்கிப் பிழிந்து, மரரேகை ஓடும் திசையிலேயே துடையுங்கள். துடைத்த இடம் ஒரு நிமிடத்துக்குள் காய வேண்டும். அதைத் தாண்டினால் துணியில் தண்ணீர் அதிகம். அமிலமோ காரமோ இல்லாத, மரத்தரைக்கென்றே விற்கும் திரவத்தை டப்பாவில் சொன்ன அளவில் கலந்து பயன்படுத்தலாம். அதிகம் ஊற்றினால் பிசுக்குத்தான் மிஞ்சும்.

கூடாதவை:

பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட், சோடா உப்பு. இவை பூச்சை மங்க வைத்து, நாளடைவில் உரித்துவிடும்.

வினிகரும் எலுமிச்சையும். இயற்கையானவை என்று பலர் பரிந்துரைப்பார்கள். திரும்பத் திரும்பப் போட்டால் அமிலம் பளபளப்பைத் தின்னும்.

நீராவி மாப். சூடும் நீராவியும் ஒன்றாக இணைப்புக்குள் இறங்கும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய். இவை காய்ந்து இறுகும் வகை அல்ல. மேலேயே பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும், சிக்கு வாடை வரும், பின்னாளில் மறுபூச்சும் ஒட்டாது.

சிலிக்கோன் கலந்த மேஜைப் பாலிஷ் ஸ்பிரே. தரை வழுக்கும், அடுத்த பூச்சு போடும்போது அந்த இடங்களில் பூச்சு பரவாமல் சிறு குழிகளாக விலகும்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் முதல் நாளே சொல்லிக் காட்டிவிடுவது நல்லது. “அக்கா, இந்த ரூமுக்கு வாளி வேண்டாம். இந்தத் துணியைக் கெட்டியாப் பிழிஞ்சு ஒத்தி எடுத்தாப் போதும்” என்று ஒருமுறை செய்தே காட்டி, அந்தத் துணியையும் மாப்பையும் தனி ஆணியில் மாட்டி வையுங்கள். சமையலறையில் துடைத்த எண்ணெய்த் துணி இந்த அறைக்கு வராமலிருக்க இதுதான் வழி.

6. பூஜையும் விசேஷமும்

கிரகப்பிரவேச ஹோமத்தை மரத்தரையில் வைக்காதீர்கள். செங்கலும் மணலும் பரப்பினாலும் மணிக்கணக்கில் எரியும் தீயின் சூடு கீழே இறங்கிப் பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். டைல்ஸ் போட்ட கூடமோ பால்கனியோ மொட்டை மாடியோ சரியான இடம். கார்த்திகை அகல்களை நேராகத் தரையில் வைக்காமல், விளிம்பு உயர்ந்த தாம்பாளத்தில் வரிசையாக வையுங்கள். குத்துவிளக்கின் அடியிலும் ஒரு தட்டு இருக்கட்டும். எண்ணெய் கசிவதைத் தடுக்கும், பித்தளை அடிப்பாகத்தின் கீறலையும் தடுக்கும்.

கடையில் கிடைக்கும் கோலப்பொடியில் பல கல் அரைத்தவை, மணலைப் போலவே தேய்க்கும். மாக்கோலமோ ஈரம். கோலம் போட வேண்டுமென்றால் மணையிலோ தாம்பாளத்திலோ போட்டு வையுங்கள். நவராத்திரிக் கொலுப்படியை இரும்பில் கட்டுபவர்கள் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஃபெல்ட்டோ அட்டையோ கொடுங்கள். பத்து நாள் ஒரே இடத்தில் பாரம் நிற்கும், துருவும் இறங்கும்.

7. கறைகள்

எந்தக் கறைக்கும் முதல் விதி: தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

வெள்ளை வளையம்: சூடான டம்ளரோ ஈரச் சொம்போ வைத்த தடம். ஈரம் பூச்சுக்குள்தான் நிற்கிறது, மரத்தைத் தொடவில்லை. மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் விடுங்கள். பிரெஞ்சு பாலிஷாக இருந்தால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டினால் பெரும்பாலும் மறையும்.

கறுப்பு வளையம்: ஈரம் பூச்சைக் கடந்து மரத்துக்குள் போய்விட்டது. இரும்புத் துருவோடு ஈரம் சேர்ந்தால், டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த ஓக் போன்ற மரங்களில் நீலம் கலந்த கறுப்பு ஏறும். மேலிருந்து துடைத்து இது போகாது. பூச்சை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலத்தால் வெளுக்க வேண்டும். அது நச்சு, தெரிந்தவரிடம் விடுங்கள்.

மஞ்சள்: மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தபின், மிஞ்சிய சாயலைத் திரையை விலக்கிச் சில நாள் வெயில் படும்படி விடுங்கள். தேய்த்துப் பூச்சைக் கெடுப்பதைவிட இது மேல். குங்குமத்துக்கு இந்த வழி நம்பகமானதல்ல. கொட்டியவுடன் உலர்ந்த துணியால் அள்ளிவிடுங்கள். தண்ணீர் பட்டால்தான் அது சாயமாக இறங்கும்.

எண்ணெய்: பி.யு. தரையில் துடைத்தாலே போகும். எண்ணெய்ப் பூச்சுத் தரையிலோ தேய்ந்த தரையிலோ டால்கம் பவுடரைக் கனமாகத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் அள்ளுங்கள்.

மெழுகுவர்த்தி, சூயிங்கம்: பனிக்கட்டியை உறையில் கட்டி மேலே வைத்து இறுக விடுங்கள். பிறகு பழைய ஏடிஎம் கார்டால் நெம்பி எடுங்கள்.

நகப்பூச்சு: ரிமூவரைத் தொடாதீர்கள், அது பூச்சையும் சேர்த்துக் கரைக்கும். காய விட்டுக் கார்டின் விளிம்பால் மெல்லப் பெயர்க்கலாம்.

8. கீறல், குழி, இடைவெளி, சத்தம்

நகத்தை வைத்து இழுங்கள். நகம் சிக்காவிட்டால் கீறல் பூச்சோடு நின்றுவிட்டது. அடுத்த மறுபூச்சில் மறையும். நகம் சிக்கினால் மரம் வரை போயிருக்கிறது. நிறம் பொருந்தும் மெழுகுக் குச்சியால் நிரப்பி, மேலே துடைத்துச் சமன்செய்யலாம். பாத்திரம் விழுந்த குழிக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரி போடும் வழி எண்ணெய்ப் பூச்சுத் தரைக்கு மட்டும்தான். பி.யு. மேல் செய்தால் பெரிதாக வெளுக்கும்.

சித்திரையில் பலகைகளுக்கு இடையே கோடாக இடைவெளி தெரியும். பயந்து அடைக்காதீர்கள். ஐப்பசியில் மரம் விரிந்து தானே மூடிக்கொள்ளும். அடைத்திருந்தால் அடைத்த பொருள் நசுங்கி வெளியே பிதுங்கும், இல்லையேல் பலகையைத் தள்ளும். மழைக்காலத்திலும் மூடாத இடைவெளியை மட்டும் சரிசெய்யுங்கள்.

காலடியில் கிரீச்சென்று சத்தம் வந்தால் இணைப்பில் டால்கம் பவுடரையோ கிராஃபைட் தூளையோ தூவி, துணியால் உள்ளே தள்ளுங்கள். ஓரளவு நாள் அடங்கும். பாதம் வைத்தால் பலகை இறங்கி எழுந்தால் அடித்தளம் சமனில்லை. அதற்குத் தச்சர் வேண்டும்.

பலகையின் இரு ஓரமும் உயர்ந்து நடு தாழ்ந்திருந்தால், மேற்பரப்பைவிட அடிப்பக்கம் அதிக ஈரமாக இருக்கிறது. எங்கிருந்து என்று தேடுங்கள்: குளியலறைச் சுவர்க் கசிவா, அடைபட்ட ஏசி வடிகுழாயா, கீழ்த்தளத்துச் சிமென்ட்டின் ஈரமா. மூலத்தை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் பல தரைகள் தானாகவே பெரும்பாலும் சமனாகும். அவசரப்பட்டு ஓரத்தைச் சாண்டிங் செய்து சமனாக்கினால், மரம் உலர்ந்த பிறகு ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதற்கு இன்னொரு சாண்டிங் செலவு.

9. தண்ணீர் கொட்டிவிட்டால்

வாஷிங் மெஷின் குழாய் கழன்றாலும் மழையில் ஜன்னல் திறந்து கிடந்தாலும், முதல் அரை மணி நேரத்தில் செய்வதுதான் பயன் தரும். தண்ணீரைத் துணியால் எடுங்கள். மிதியடி, பாய், மேஜை எல்லாவற்றையும் அகற்றுங்கள். சுவரோர ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினால் அடியில் காற்று போகும். மின்விசிறியையும் ஏசி டிரை நிலையையும் நாள்கணக்கில் ஓட விடுங்கள். ஹீட்டரால் சுட வைக்காதீர்கள். மேல்பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து மரம் வெடிக்கும்.

லேமினேட்டில் நனைந்த பலகைகளை உடனே கழற்றி, அடியிலுள்ள நுரை விரிப்பையும் காய வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் புகுந்தது போன்ற வெள்ளநீர் என்றால் கணக்கே வேறு. அதில் சாக்கடை கலந்திருக்கும். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். லேமினேட்டையும் விரிப்பையும் மொத்தமாக அகற்றுங்கள். அடியிலுள்ள சிமென்ட் முழுவதும் காய்ந்ததை, சிமென்ட்டின் ஈரத்தை அளக்கும் கருவியில் பார்த்த பிறகே புதிதாகப் போடுங்கள்.

10. கரையானும் வண்டும்

வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. அதே தேக்கின் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு அந்த எதிர்ப்புச் சக்தி கிடையாது. விலை குறைந்த பலகைகளில் வெள்ளை அதிகம். ஆண்டுக்கு இருமுறை டார்ச்சோடு ஸ்கர்ட்டிங் ஓரம், கதவு நிலையின் அடி, அலமாரிக்குப் பின்புறம் பாருங்கள். மண்ணால் கட்டிய மெல்லிய குழாய் தெரிந்தால் அது மண்கரையான். அதை உடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவதால் புற்று அழியாது, தீ ஆபத்துதான் கூடும். கட்டி முடித்த கட்டிடங்களுக்கான கரையான் சிகிச்சைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313இன் மூன்றாம் பாகம் வழி சொல்கிறது. வேலைக்கு வருபவரிடம் அதன்படிதான் செய்கிறாரா என்று கேளுங்கள்.

குண்டூசித் துளைகளும் அருகே மாவாக நைந்த தூளும் இருந்தால் வண்டு. தூள் நைந்திராமல் உருளும் குறுமணிகளாக இருந்தால் மண்ணோடு தொடர்பில்லாத உலர்மரக் கரையான். இரண்டுக்கும் மருந்து வேறு. எனவே அந்தத் தூளைக் கூட்டித் தள்ளாமல் ஒரு காகிதத்தில் எடுத்து வைத்துக் காட்டுங்கள்.

11. மறுபூச்சும் சாண்டிங்கும்

பி.யு. தரைக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு கொடுத்தால், முழுச் சாண்டிங்கை வெகுகாலம் தள்ளிப் போடலாம். மரம் தெரியும்வரை காத்திராமல், நடைபாதை மங்கத் தொடங்கும்போதே செய்யுங்கள். பழைய பூச்சை நைசான உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, தூசி எடுத்து, மேலே புதிய பூச்சு போடுவார்கள். மரம் துளியும் குறையாது. எண்ணெய்த் தரைக்கு நடைபாதைகளில் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் தேவைப்படும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெளிவிடும் சூட்டில் அவை தாமாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காய வையுங்கள்.

முழுச் சாண்டிங் மரத்தையே செலவழிக்கும் வேலை. ஒருமுறைக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை போகும். 18 மி.மீ. பலகையில் நாக்குக்கு மேலே கிடைப்பது ஐந்தாறு மில்லிமீட்டர்தான். எஞ்சினியர்டு வுட்டின் மேல் தகடு 2 மி.மீ.க்குக் கீழ் என்றால் முழுச் சாண்டிங் வேண்டவே வேண்டாம்.

வேலை எடுப்பவரிடம் கேட்க வேண்டியவை: தூசி இழுக்கும் இயந்திரம் உண்டா? மரத்தின் ஈரத்தை அளந்தாரா? எந்தப் பூச்சு, எத்தனை கோட்? தேக்காக இருந்தால், அதன் இயற்கை எண்ணெய் பூச்சை ஒட்ட விடாது என்பதால் கரைப்பான் கொண்டு துடைத்துவிட்டுத்தான் போடுவாரா? பீரோவுக்கு அடியில் ஒரு சதுர அடி மாதிரி போட்டுக் காட்டுவாரா? மரத்தூளை 1995இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வேலை நடக்கும்போது குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வேறிடத்தில் இருக்கட்டும். வேலை செய்பவர் முகக்கவசம் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். புதிய பூச்சின் மேல் நடக்க ஒரு நாளும், மிதியடி விரிக்க இரண்டு வாரத்துக்குக் குறையாமலும் பொறுங்கள்.

12. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

டொரன்டோ போன்ற ஊர்களில் சிக்கல் தலைகீழ். குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓடி வீட்டுக்காற்று வறண்டுவிடும். பலகைகள் சுருங்கி இடைவெளி விடும். ஹியூமிடிஃபையர் வைத்து 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். சாலையில் தூவும் உப்பு பூட்ஸோடு வரும்; வாசலில் விளிம்புள்ள தட்டில் கழற்றுங்கள். சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடி வீடுகளில் உள்ள பார்க்கே கட்டைகள் சிமென்ட்டின் மேல் ஒட்டப்பட்டவை. தட்டினால் வெற்றொலி வரும் கட்டைகளை மட்டும் எடுத்து மறுபடி ஒட்டலாம்; குளியலறை ஓரத்தில் அவை திரும்பத் திரும்பப் பெயர்ந்தால் கசிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

13. ஓர் ஆண்டின் வேலைகள்

தை முதல் பங்குனி வரை: வானம் தெளிந்த இந்த மாதங்களே மறுபூச்சுக்கு ஏற்றவை. மழை ஈரத்தில் பூச்சு சரியாகக் காயாது.

சித்திரை, வைகாசி: ஏசி வடிகுழாயைச் சுத்தம் செய்யுங்கள். மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள். பாயையும் மேஜையையும் இடம் மாற்றுங்கள்; வெயில் பட்ட இடமும் படாத இடமும் நிறம் வேறாகிவிடும்.

ஆடி, ஆவணி: காற்றில் தூசி வரும் காலம். உலர் மாப்பை ஒரு நாளும் தவற விடாதீர்கள். கரையான் சோதனை ஒன்று.

ஐப்பசி, கார்த்திகை: ஈரமானியைப் பாருங்கள். ஜன்னல் ஓரம், பால்கனிக் கதவடி, குளியலறை வாசல் மூன்றையும் தினமும் தொட்டுப் பாருங்கள்.

மார்கழி: போகிக்கு முன் வெள்ளையடிப்பதாக இருந்தால் தரை முழுவதும் மூடுங்கள். சுண்ணாம்பு தெறித்தால் காயும் முன் ஒற்றி எடுங்கள். அதன் காரம் பூச்சைக் கெடுக்கும். இரண்டாவது கரையான் சோதனை.

கடைசியாக ஒரு எழுத்து வேலை. ஒரு அட்டையில் மரத்தின் பெயர், பூச்சின் பெயர், போட்ட தேதி, மேல் தகட்டின் கனம், மிச்சப் பலகைகளை வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பத்து ஆண்டு கழித்து வரும் பாலிஷ்காரர் கேட்கப் போகும் முதல் ஐந்து கேள்விகளும் இவைதான். விடை தெரியாத தரையில் அவர் ஊகத்தில்தான் வேலை செய்வார்.